அப்பா படித்த கோட்டை



இந்த ஆண்டு மலருக்குக் கவிதை ஒன்று கொடு என்றுதான் பேரவைச் செயலாளர் கேட்டார. எனக்குக் கவிதை வராது. காதல் கவிதை எழுத நம் மெக்கானிக்கல் பிரிவில் ஒரு பட்டாளமே இருக்கிறது. எனவே நான் போய்வந்த ஒரு பழைய நகரத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "வெளிநாடா?" என்றார். "ஒரு காலத்தில் வெளிநாடுதான்" என்றேன்.

நம் காரைக்காலில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரான்சில் ஒரு மாமா இருப்பார். லீவுக்கு வந்து பாரீஸ் படம் காட்டுவார். எங்கள் சொந்தத்தில் அப்படி யாரும் இல்லை. எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் என்ற பொருளையே யாரும் கண்ணால் கண்டதில்லை. நான் போனது காரைக்காலிலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் தரங்கம்பாடிக்கு!

"அட, தரங்கம்பாடியா? நாங்க பத்து தடவை போயிருக்கோம்" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. நானும் போயிருக்கிறேன். பீச்சில் கால் நனைத்து, கோட்டை வாசலில் போட்டோ எடுத்து, மாங்காய் பத்தை தின்று திரும்பியிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை என்னோடு வந்தவர் வேறு ஆள். என் அப்பா.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா கொத்தனார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். எங்கள் பரம்பரையில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் போட வேண்டிய இடத்தில் அப்பா பேனாவை வாங்கவில்லை. இடது கைக் கட்டைவிரலை நீட்டினார். ஆபீசில் மைப்பெட்டி தேடி எடுத்து வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. அதன் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு, "அப்பாவுக்கு வேலை சார், வர முடியாது" என்று பொய் சொன்னேன். அன்றைக்கு அப்பா வேலையில்லாமல் வீட்டில்தான் இருந்தார். கூட்டம் இருக்கிறது என்ற விஷயத்தையே நான் அவரிடம் சொல்லவில்லை.

முதல் ஆண்டு முடிவில் மெக்கானிக்ஸ் பாடத்தில் அரியர் விழுந்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் நான். இங்கே புத்தகம் முழுக்க இங்கிலீஷ். ஃபோர்ஸ், கம்போனன்ட், ரிசல்டன்ட் என்று சார் எழுதிப் போடுவார். நான் பார்த்துப் படம் வரைவேன், அவ்வளவுதான். எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார். படித்தது போதும், போய்விடலாம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருந்தது. மூன்று வருஷம் படித்து மீட்பதா, மூன்றே மாதத்தில் மீட்பதா?

அந்த நேரத்தில்தான் சார் ஒரு வேலை கொடுத்தார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம் ஒன்றை நேரில் பார்த்து நான்கு பக்கம் எழுதி வரவேண்டும். நண்பர்கள் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார்கள். பஸ், சாப்பாடு, சினிமா எல்லாம் சேர்த்தால் எனக்குக் கட்டுப்படியாகாது. ராத்திரி சாப்பிடும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அப்பா கை கழுவிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை தரங்கம்பாடி போவோம். நானும் வர்றேன். அந்தச் செவுத்தைப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனைப்பு" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சங்கடம். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

* * *

அப்பாவின் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி, பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. எல்லையில் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். பாட்டில் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஒரு கொல்லூறும் ஒரு தூக்குக்குண்டும்தான் கிடைத்தன! "ஞாயித்துக்கிழமைகூட வேலையா பெரியவரே?" என்று சிரித்து அனுப்பினார்கள். "இது எதுக்குப்பா எடுத்துட்டு வந்தே?" என்றேன். "செவுத்தைப் பாக்கப் போறோம்ல" என்றார் அப்பா.

பொறையாறு தாண்டி ஊருக்குள் நுழையும்போது எதிரே வருவது நகர வாயில். இப்போது நிற்கும் வாயில் 1792-ல் கட்டியது. அதற்குள் நுழைந்ததும் நேராகக் கடல்வரை ஓடுகிறது ராஜ வீதி. இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், தேவாலயங்கள். இடது புறம் சீயோன் ஆலயம், 1701-ஐச் சேர்ந்தது. எதிர்ப்புறம் புதிய எருசலேம் ஆலயம், 1718. தெருக்கோடியில் மைதானம், அதன் ஓரத்தில் கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டை.

நண்பர்களே, நாம் வாழும் இந்தக் கரையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். தெற்கே நாகப்பட்டினம்: முதலில் போர்ச்சுக்கீசியர், 1658-ல் டச்சுக்காரர், 1781-ல் ஆங்கிலேயர். நடுவே நம் காரைக்கால்: 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது. வடக்கே தரங்கம்பாடி: டென்மார்க். சைக்கிளில் ஒரே நாளில் சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள் ஐரோப்பாவின் பாதி! எல்லோரும் நம் அரிசிக்கும் துணிக்கும் மிளகுக்கும் ஆசைப்பட்டு வந்தவர்கள்.

டென்மார்க்காரர்கள் வந்த கதையில் நம் ஊரும் இருக்கிறது. அவர்களுடைய முதல் கப்பல் ஒன்றைக் காரைக்காலுக்கு அருகே கடலில் போர்ச்சுக்கீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். அதில் தப்பிக் கரையேறியவர்களில் ரோலண்ட் கிராப்பே என்பவரும் ஒருவர். அவர்களைப் பிடித்துத் தஞ்சாவூர் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். கைதியாகப் போனவர் வியாபாரம் பேசி முடித்தார்! அதன் பிறகு கப்பற்படைத் தலைவர் ஓவ் கெட்டி வந்து, 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கோட்டை கட்ட ஆரம்பித்தார். ஓவ் கெட்டிக்கு அப்போது வயது 25. நம்மைவிட ஏழு வயதுதான் மூத்தவர்!

இன்னொரு விஷயம். அதே 1620-ன் கடைசியில்தான் 'மேஃபிளவர்' என்ற கப்பலில் போன ஆங்கிலேயர்கள் அமெரிக்காவில் பிளிமத் என்ற இடத்தில் குடியேறினார்கள். பாஸ்டன் நகரம் உண்டானது அதற்கும் பத்து வருஷம் கழித்து, 1630-ல். அமெரிக்காவின் பழைய நகரங்களைப் பார்க்க உலகமே விமானம் ஏறிப் போகிறது. அந்த பாஸ்டனைவிட மூத்தது, நாம் டவுன் பஸ்ஸில் போய்வரும் இந்தத் தரங்கம்பாடிக் கோட்டை! கோட்டைக்கும் முன்னே இருந்தது கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

* * *

டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. பீங்கான், நாணயம், ஆயுதம், பழைய பத்திரங்கள். நான் நோட்டை எடுத்து ஒவ்வொரு பலகையையும் பார்த்து எழுத ஆரம்பித்தேன். அப்பா பலகை பக்கமே போகவில்லை. நேராகச் சுவரிடம் போய்விட்டார்.

பூச்சு உதிர்ந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கையிலெடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். முகர்ந்தார்! இரண்டு வெள்ளைக்காரப் பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பழையபடி காது சுட்டது. "அப்பா, தொடாதேப்பா, திட்டுவாங்க" என்றேன்.

"கீழ உதிர்ந்து கெடந்ததைத்தான்டா எடுத்தேன். இங்க வா. இது என்ன சொல்லு?"

"சுண்ணாம்பு."

"என்ன சுண்ணாம்பு?"

எனக்குத் தெரியவில்லை. பில்டிங் மெட்டீரியல்ஸ் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன் நான்!

அப்பா உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். வெள்ளைத் தூளுக்குள் மினுக்கென்று சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகள். "கிளிஞ்சல். நம்ம கடல்ல பொறுக்கி, காளவாய்ல சுட்டு, தண்ணி ஊத்திப் பூக்க வச்சு, மணலோட சேத்து நாள்கணக்கா அரைச்சிருக்கான். எங்க தாத்தா இப்படித்தான் அரைப்பாரு. கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணிய ஊத்துவாரு. நான் சித்தாளா இருந்தப்ப பட்டினத்துல பழைய வீட்டுக்கு அரைச்சிருக்கேன். கை வெந்து போவும்."

வகுப்பில் படித்தது அப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்புக் காரை காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. ஒரு நாளில் ஆகிற வேலை இல்லை, வருஷக்கணக்காகும். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-ல். கோட்டை ஆரம்பித்து 204 வருஷம் கழித்து! சிமெண்ட் இல்லாத காலத்துச் சுவர், உப்புக்காற்றில், கடலலைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

"அப்ப சுண்ணாம்புதான் உசத்தியாப்பா?" என்றேன்.

"உசத்தி தாழ்த்தி என்னடா இருக்கு? அதது இருக்க வேண்டிய எடத்துல இருக்கணும்" என்றார். வரும் வழியில் பழைய வீடு ஒன்றின் சுவரைக் காட்டியிருந்தார். யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து, உள்ளே செங்கல் பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. "தரையிலேர்ந்து ஓதம் ஏறுது. சுண்ணாம்புச் செவுரு மூச்சு விடும், ஓதம் வெளியே போயிரும். சிமெண்டைப் பூசினா மூக்கைப் பொத்தின மாதிரி. ஓதம் எங்க போவும்? கல்லுக்குள்ளயே நின்னு உப்புப் பூத்து கல்லைத் தின்னுரும்."

நான் பலகைகளை விட்டுவிட்டு அப்பா சொன்னதை எழுத ஆரம்பித்தேன்.

பிறகு கீழ்த்தளத்து அறைகளுக்குள் போனோம். இருட்டு. மேலே வளைந்த கூரை. ஒரு இரும்புக் கம்பி கிடையாது, கான்கிரீட் கிடையாது. வெறும் செங்கல்லும் காரையும் வளைந்து மேல்மாடியைத் தாங்குகிறது. அப்பா அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பு. முழங்கையை வெளிய வை."

சாமி கும்பிடுவது மாதிரி நின்றேன். அப்பா என் விரல் நுனிகளை மேலிருந்து அழுத்தினார். என் முழங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் விலகின.

"பாத்தியா? நான் கீழதான அமுக்கினேன்? உன் கை பக்கத்துல ஏன் போவுது? வளைவுல எடை நேரா எறங்காது, சாஞ்சு எறங்கும். கொஞ்சம் கீழ போவும், கொஞ்சம் வெளிய தள்ளும். வெளிய தள்றதை யாராச்சும் புடிக்கணும். அதுக்குத்தான் செவுரு இம்புட்டுத் தடிமன்."

நண்பர்களே, நான் அப்படியே நின்றுவிட்டேன். கொஞ்சம் கீழே போகும், கொஞ்சம் வெளியே தள்ளும்! சாய்வான ஒரு விசையைச் செங்குத்து, கிடைமட்டம் என்று இரண்டு கூறாகப் பிரிப்பது. நான் ஃபெயிலான கேள்வி அதுதான். ஒரு வருஷம் முழுக்க எனக்குப் புரியாத கம்போனன்ட், என் முழங்கையிலேயே இருந்திருக்கிறது!

* * *

வெளியே வந்து மதில் நிழலில் உட்கார்ந்தோம். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம். "பலகையில என்னடா எழுதியிருக்கு? படி, கேப்போம்" என்றார். நான் எழுதிவைத்ததை எல்லாம் படித்துக் காட்டினேன். ஓவ் கெட்டி என்ற பெயர் வந்ததும் நிறுத்தினார்.

"அவுரு கொத்தனாரா?"

"இல்லப்பா, கப்பற்படைத் தலைவர்."

"அப்ப வளைவு எடுத்தவன் பேரு?"

நோட்டைப் புரட்டினேன். இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்தார்.

அப்புறம் சீகன்பால்க் கதையைச் சொன்னேன். டென்மார்க் மன்னர் அனுப்பி 1706 ஜூலை 9-ல் இந்தக் கரையில் வந்து இறங்கிய ஜெர்மானிய பாதிரியார். வயது 23. தமிழில் ஓர் எழுத்து தெரியாது. ஒரு தமிழ் வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 1708-ல் இங்கிருந்த டேனிய ஆளுநரே அவரை இதே கோட்டையில் நாலு மாதம் சிறை வைத்தார். அச்சு எந்திரம் வந்தது. எழுத்துகள் ஜெர்மனியில் வார்த்து வந்தன. அவை பெரிதாக இருந்ததால் பொறையாறிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதம் போதவில்லை, காகிதப் பட்டறையே வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நின்றுவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது. ஆனால் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது இங்கேதான், 1715-ல். நாலே வருஷத்தில், 36 வயதில் அவர் இறந்துபோனார். தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்.

அப்பா ஒன்றை மட்டும் கேட்டார். "அவுரு அவுங்க ஊருல பெரிய படிப்பு படிச்சவரா?"

"ஆமாப்பா."

"படிச்சவரு சின்னப் புள்ளைங்களோட மணல்ல குந்த வெக்கப்படல பாத்தியா?"

அவர் எனக்காகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, எனக்கு இன்னும் தெரியாது. இங்கிலீஷ் தெரியாது என்று கடைசி பெஞ்சில் ஒளிந்துகொண்டவனுக்கு அது போய்ச் சேர்ந்தது. மைப்பெட்டிக்கு வெட்கப்பட்டவனுக்கும் சேர்ந்தது.

திரும்பும்போது கடலைப் பார்த்து அப்பா கொஞ்ச நேரம் நின்றார். 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். நான் அப்போது பிறக்கவில்லை. இந்தக் கரையிலும் நம் கரையிலும் போனவர்களை நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நானும் கழற்றினேன்.

1845-ல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. வியாபாரம் நாகப்பட்டினத்துக்குப் போனது. மாயவரத்திலிருந்து 1926-ல் வந்த ரயிலும் 1986-ல் நின்றுபோனது. நகரம் கிராமமாயிற்று. சுவர் மட்டும் நிற்கிறது.

* * *

நான்கு பக்கம் கேட்ட சாருக்கு ஒன்பது பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் 'உதவிய நூல்கள்' என்று ஒரு தலைப்பு போட வேண்டும். அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெற்றிடம் விட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுவாரம் சார் என்னை வகுப்பில் எழுப்பினார். "ஓதம், சுண்ணாம்பு, வளைவு… நல்லா எழுதியிருக்கே. எந்தப் புத்தகம்?"

வகுப்பே திரும்பியது. பொய் நாக்கு நுனியில் இருந்தது. லைப்ரரியில் ஏதோ ஒரு புத்தகம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

"எங்க அப்பா சொன்னார் சார்."

"அப்பா என்ன, இன்ஜினியரா?"

"கொத்தனார் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சார் நோட்டை என் கையில் கொடுத்து, "அதை எழுது. அவர் பேரை எழுது" என்றார். நின்றபடியே எழுதினேன். ஓவ் கெட்டியின் கோட்டையில் இல்லாத கொத்தனார் பெயர் என் நோட்டில் இருக்கிறது.

இப்போது என்னிடம் இரண்டு பத்தி போட்ட ஒரு நோட்டு உண்டு. இடது பக்கம் புத்தகத்தில் இருக்கும் இங்கிலீஷ் சொல். வலது பக்கம் அப்பா சொல்லும் சொல். ராத்திரியில் இடது பக்கத்தை நான் படிப்பேன், அது என்ன வேலை என்று விளக்குவேன், வலது பக்கத்தை அப்பா சொல்வார். ஏப்ரலில் மெக்கானிக்ஸ் மறுபடி எழுதி 52 வாங்கித் தேறினேன். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் சிங்கப்பூர் அண்ணனிடம், "டிப்ளமோ முடிச்சிட்டு வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டேன். தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை. வருகைப் பதிவேட்டில் கட்டைவிரல் வைத்தார். மைப்பெட்டியை நானே முன்கூட்டி வாங்கி வைத்திருந்தேன்.

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறை. விவசாயி, மீனவர், தச்சர், கொத்தனார் வீட்டிலிருந்து வந்திருக்கிறோம். விடுமுறையில் எந்த ஊருக்குப் போனாலும் போங்கள். ஒரு தடவையாவது உங்கள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். பலகையில் இருப்பதை நீங்கள் படித்துச் சொல்லுங்கள். பலகையில் இல்லாததை அவர்கள் சொல்வார்கள்.